கடைசி நொடியில் மட்டும் ஏன் விசில் ஒலிப்பதில்லை?

28 ஏப்ரல் 2025, காலை. நெல்லித்தோப்பு வாசகர் கேட்டது

நேற்றிரவு அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ், நியூயார்க் நிக்ஸ் அணிகளின் நான்காவது பிளேஆஃப் (பருவ இறுதி வெளியேற்றச் சுற்று) ஆட்டத்தைக் கண்விழித்துப் பார்த்தேன். 94-93 என்று நிக்ஸ் ஜெயித்தது. கடைசி நொடியில் டிம் ஹார்டவே ஜூனியர் மூலையிலிருந்து மூன்று புள்ளிக்கு எறிகிறார், ஜாஷ் ஹார்ட் அவர் மேல் வந்து மோதுகிறார், மூன்று நடுவர்களில் ஒருவர்கூட ஊதவில்லை. மற்ற நேரத்தில் விரல் பட்டாலே ஊதுகிறவர்கள் இவர்கள். டிராவல், அதாவது பந்தோடு அளவுக்கு மீறி அடி வைக்கும் குற்றத்தின் கதை இதைவிட மோசம்; பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு அடி நடந்தாலும் கேட்பாரில்லை. இது திறமைக் குறைவா, நட்சத்திரங்களுக்கும் பெரிய நகரத்து அணிகளுக்கும் காட்டும் சலுகையா, அல்லது முன்கூட்டியே பேசிவைத்த ஆட்டமா? மாவட்டப் போட்டிகளில் விசில் பிடித்த கடலூர்க்காரர் ஒருவர் இங்கே இருக்கிறாரே, அவர் பதில் சொல்லட்டும்.

28 ஏப்ரல் 2025, இரவு. கடலூர்க்காரர் பதில்

நானும் பார்த்தேன். ஞாயிறு இரவு பத்தரைக்குத் தொடங்கும் என்பிஏ ஆட்டம் நமக்கு அபூர்வமாகத்தான் வாய்க்கிறது. மற்றவை எல்லாம் விடியற்காலைச் சங்கதி. ஆட்டம் முடிந்த சிறிது நேரத்தில் நடுவர் குழுத் தலைவர் டேவிட் கத்ரி, ஹார்ட்டின் உடல் ஹார்டவே மீது பட்டது சிறு உரசல் அல்ல, அங்கே ஃபவுல் கொடுத்திருக்க வேண்டும் என்று கூறிவிட்டார். கொடுத்திருந்தால் மூன்று ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் மறிக்காமல் எறியும் ஒற்றைப் புள்ளி வாய்ப்புகள். ஒரு புள்ளி பின்தங்கியிருந்த அணிக்கு அவற்றில் இரண்டு விழுந்தால் போதும். 2-2 என்று சமமாகியிருக்கக்கூடிய தொடர் 3-1 ஆகிவிட்டது. ஒப்புக்கொண்டது நேர்மைதான், ஆனால் அந்த நேர்மையை வைத்துக்கொண்டு டெட்ராய்ட் ரசிகர் என்ன செய்வார்?

சலுகை என்ற விளக்கத்தை இப்போதைக்குத் தள்ளிவைக்கச் சொல்வேன். அந்த ஆட்டம் நடந்தது டெட்ராய்டில், பிஸ்டன்ஸ் அணியின் சொந்த அரங்கத்தில். கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவர் பணிவார் என்றால் விசில் அவர்கள் பக்கம் அல்லவா ஒலித்திருக்க வேண்டும்?

இன்னொன்று: உங்கள் கேள்வி இரண்டு வேறு குறைகளை ஒன்றாகச் சேர்த்துவிடுகிறது. டிராவல் என்பது எண்ண வேண்டிய விஷயம், ஃபவுல் என்பது எடைபோட வேண்டிய விஷயம். முன்னதில் நம் கோபத்தில் பாதிக்கு நியாயம் இல்லை என்பதும், பின்னதில் நம் கோபம் போதாது என்பதும் என் கட்சி. நாளை விரிவாக எழுதுகிறேன்.

29 ஏப்ரல் 2025

டிராவலை முதலில் முடித்துவிடலாம். நம் ஊரில் எந்த கோர்ட்டில் ஆடினாலும், ஒருவர் பந்தோடு மூன்றாவது அடி வைத்ததுபோலத் தோன்றினால் நான்கு பக்கத்திலிருந்தும் "ஸ்டெப்ஸ்! ஸ்டெப்ஸ்!" என்று குரல் எழும். அப்படிக் கத்துகிறவர்கள் எந்தக் கணத்திலிருந்து எண்ணுகிறார்கள் என்பதில்தான் சிக்கல். பந்து கடைசியாகத் தரையில் பட்டதிலிருந்து எண்ணக் கூடாது. அது ஆட்டக்காரரின் பிடிக்குள் வந்ததிலிருந்து எண்ண வேண்டும். இதைத்தான் கேதர் என்கிறார்கள். டிரிபிள் செய்துகொண்டு, அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு வருபவர் இரண்டு கைகளையும் பந்தின்மேல் வைத்தாலோ, ஒரே கையில் பந்தை அசையாமல் நிற்கவிட்டாலோ கேதர் நிகழ்ந்துவிட்டது என்பது என்பிஏ விதி. அந்தக் கணத்தில் தரையில் ஊன்றியிருக்கும் கால் கணக்கில் சேராது. அதற்குப் பிறகு வைக்கும் இரண்டு அடிகளே கணக்கு. பார்க்கிறவர் கண்ணுக்கு மூன்று அடி, விதிநூலுக்கு இரண்டு.

இரண்டடி என்பதை என்பிஏ தன் விதிநூலில் வெளிப்படையாக எழுதியதே 2009-இல்தான். கேதர் எது என்பதற்கான விளக்கம் 2019-20 பருவத்துக்கு முன்பு தெளிவாக்கப்பட்டது. சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபா 2017 அக்டோபரிலேயே இதே கருத்தைத் தன் விதிக்குள் கொண்டுவந்துவிட்டது. ஆகவே கடலூரிலும் நெய்வேலியிலும் புதுச்சேரியிலும் இன்று நடக்கும் போட்டிகளுக்கும் இதுதான் விதி. அதற்கு முன்பு பள்ளியில் பி.இ.டி. சாரிடம் கற்ற நம் தலைமுறை மட்டும் இன்னும் பழைய கணக்கிலேயே கத்திக்கொண்டிருக்கிறது.

ஆனால் நியாயமாகக் கோபப்பட வேண்டிய டிராவல் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் கத்துவதில்லை. நின்ற இடத்தில் பந்தை வாங்கியவர் டிரிபிள் தொடங்கும்போது, பிவட் கால் (ஊன்றி நிற்கும் கால்) தரையைவிட்டு எழுவதற்கு முன் பந்து கையைவிட்டுப் போயிருக்க வேண்டும். என்பிஏவிலும் ஃபிபாவிலும் இந்த விதி ஒன்றே. காலைப் பேருந்தில் கைப்பேசியில் ஆட்டத்தைப் பார்க்கும்போது கட்டைவிரலால் காட்சியைப் பின்னுக்கு இழுத்து இதை மட்டும் கவனித்திருக்கிறேன்: பக்கவாட்டில் பந்தை வாங்கி, தோளை ஒருபுறம் அசைத்துக் காட்டி மறுபுறம் பாயும் ஆட்டக்காரரின் பின்கால் குதிகால் எழுந்து, விரலும் எழுந்து, அதற்குப் பிறகுதான் பந்து உள்ளங்கையிலிருந்து விடுபடுகிறது. முதல் அடியில் கிடைக்கும் அந்த அரை அடி இடைவெளிதான் தடுக்க நிற்கும் டிஃபெண்டரைத் தாண்டவைக்கிறது. இதை ஒருநாள் ஊதுகிறார்கள், பத்து நாள் விடுகிறார்கள்.

30 ஏப்ரல் 2025

"அப்படியென்றால் என்பிஏ நட்சத்திரம் ஜேம்ஸ் ஹார்டனும் குற்றமற்றவரா?" என்று முத்தியால்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்கிறார். இல்லை. 2018 டிசம்பரில் யூட்டா ஜாஸ் அணிக்கு எதிராக அவர் இரண்டு முறை பின்னால் துள்ளி எறிந்தது விடுபட்ட டிராவல்தான் என்று பின்னர் ஒப்புக்கொள்ளப்பட்டது. அவருடைய வழக்கமான ஒற்றை ஸ்டெப்-பேக் (ஒருமுறை பின்னால் துள்ளி எறிவது) பெரும்பாலும் விதிக்கு உட்பட்டதே.

இதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு. 2019 பிப்ரவரியில் வாஷிங்டன் வீரர் பிராட்லி பீல் பந்தோடு போன தூரத்தைப் பார்த்து உலகமே சிரித்தது. நடுவர்களின் ட்விட்டர் கணக்கோ, அவர் இரண்டடி வைத்தபின் பந்து நழுவியது, மீண்டும் பிடித்தபின் பிவட் காலைத் திரும்பப் பெற்று, அது மறுபடி தரையில் படுவதற்குள் பந்தைத் தரவோ எறியவோ அவருக்கு உரிமை உண்டு, ஆகவே எல்லாம் சரி என்று பொறுமையாக விளக்கியது. விதிநூலின்படி மறுக்க முடியாத விளக்கம். பார்த்த கண்ணுக்கு அது மஞ்சக்குப்பத்திலிருந்து செம்மண்டலம் வரை நடந்த மாதிரிதான் இருந்தது.

நட்சத்திரங்களுக்கு டிராவலே கிடையாது என்பவர்கள் 2009 ஜனவரியில் வாஷிங்டனில் நடந்ததை நினைவில் கொள்ளட்டும். ஆட்டத்தின் கடைசி நொடிகளில் லெப்ரான் ஜேம்ஸுக்கு டிராவல் கொடுத்தார்கள், கிளீவ்லாந்து தோற்றது. தான் செய்தது கிராப் (நண்டு) டிரிபிள் என்று அவர் வாதாடியதைக் கேட்டு நண்டு வறுவலை வைத்து நாங்கள் செய்த கேலியை இங்கே எழுத முடியாது.

2 மே 2025

இனி ஃபவுல். மூன்று ஆட்டங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

2023 ஜனவரி 28, பாஸ்டன். ஆட்டம் சமநிலை. கடைசி நொடிகளில் லெப்ரான் லே-அப் (கூடைக்கு அருகே ஓடிப்போய்ப் பந்தைப் போடுவது) போகிறார், ஜேசன் டேட்டம் அவர் கையில் அடிக்கிறார், விசில் இல்லை. லெப்ரான் தரையில் மண்டியிட்டார். பேட்ரிக் பெவர்லி ஒரு புகைப்படக்காரரின் கேமராவை வாங்கிக்கொண்டுபோய் நடுவரிடம் காட்டி, அதற்கு டெக்னிகல் ஃபவுல் (மோதலுக்கு அல்ல, நடத்தைக்குத் தரும் தண்டனை) பெற்றார். கூடுதல் நேரத்தில் பாஸ்டன் 125-121 என வென்றது. மறுநாள் நடுவர்கள் சங்கம், தவறு செய்துவிட்டோம், அது எங்கள் நெஞ்சை அறுக்கிறது என்ற பொருளில் எழுதியது.

2024 பிப்ரவரி 26, நியூயார்க். இதே பிஸ்டன்ஸ், இதே நிக்ஸ். தரையில் ஓடிய பந்துக்காக டாண்டே டிவின்சென்சோ பாய்ந்து அசார் தாம்ப்சனின் கால்களில் மோதுகிறார், விசில் இல்லை, பந்து நிக்ஸ் கைக்கு வருகிறது, அடுத்த கணம் ஜாஷ் ஹார்ட் லே-அப் போட்டு ஃபவுலும் பெற்று 113-111 என முடிக்கிறார். பிஸ்டன்ஸ் பயிற்சியாளர் மான்ட்டி வில்லியம்ஸ் அந்தப் பருவத்திலேயே மோசமான முடிவு அது என்று கொதித்தார். ஃபவுல் கொடுத்திருக்க வேண்டும் என்று நடுவர் குழுத் தலைவர் அன்றே சொன்னார்.

மூன்றாவது, நீங்கள் கேட்ட 2025 ஏப்ரல் 27.

முதல் ஆட்டத்தில் பாதிக்கப்பட்டவர் லீகின் மிகப் பெரிய நட்சத்திரம், அவர் அணி லாஸ் ஏஞ்சலஸ். மூன்றாவதில் பாதிக்கப்பட்டது சொந்த மண்ணில் ஆடிய அணி. நட்சத்திரச் சலுகை, பெரிய நகரச் சலுகை, சொந்த அரங்கச் சலுகை என்ற எந்த ஒற்றைச் சாவியும் மூன்று பூட்டுகளையும் திறக்கவில்லை. மூன்றிலும் பொதுவாக இருப்பது ஒன்றே: கடைசித் தருணத்தில் ஊதாமல் விட்டது. ஆட்டத்தை ஆட்டக்காரர்களே தீர்மானிக்கட்டும் என்று இதற்கு ஒரு மரியாதையான பெயரும் வைத்திருக்கிறார்கள். முதல் கால்பகுதியில் ஃபவுல் ஆனது கடைசி நொடியில் ஃபவுல் ஆகாது என்றால், அடித்தவர்தான் ஆட்டத்தைத் தீர்மானிக்கிறார்.

3 மே 2025

நேற்று எழுதியதில் ஒரு முரண் இருப்பதைத் திருப்பாதிரிப்புலியூர் நண்பர் சரியாகப் பிடித்தார். நியூயார்க் ஆட்டத்தில் தாம்ப்சன் விழுந்தபோது ஒலிக்காத விசில், சில நொடிகள் கழித்து ஹார்ட் லே-அப் போட்டபோது ஒலித்ததே, அப்படியானால் கடைசியில் ஊதுவதில்லை என்று எப்படிச் சொல்வது என்கிறார். என் கூற்றுக்கு இது எதிர்ச்சான்று என்பதைவிட அதன் எல்லையைக் காட்டுகிறது என்பேன். கூடைக்கு நேரே, வெட்டவெளியில் நடக்கும் மோதலுக்கு ஊதத் துணிகிறார்கள். பந்துக்காக இருவர் உருளும்போது துணிவதில்லை. அதோடு 2006 இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டமும் இருக்கிறது: கூடுதல் நேரத்தில் 1.9 நொடி மீதமிருக்க டுவைன் வேடுக்கு ஃபவுல் கொடுத்தார்கள், அவர் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டார், மியாமி 101-100. அந்த ஆட்டத்தில் வேட் மட்டும் எறிந்த ஃப்ரீ த்ரோக்கள் 25. டாலஸ் அணி முழுவதும் சேர்ந்து எறிந்ததும் 25. அன்று ஏன் ஊதினீர்கள் என்று டாலஸ் ரசிகர்கள் இன்றும் கேட்கிறார்கள்.

கல்லூரி ஆட்டமானாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2024 ஏப்ரல் 5 அன்று அயோவா, கனெக்டிகட் மகளிர் அணிகளின் அரையிறுதியில் 3.9 நொடி இருக்கும்போது கனெக்டிகட்டின் அலியா எட்வர்ட்ஸ் போட்ட ஸ்கிரீன் (எதிராளியை மறித்து நிற்பது) நகர்ந்தது என்று ஃபவுல் கொடுத்தார்கள், அயோவா 71-69. இந்த நேரத்திலா ஊதுவது என்று அன்று வசைபாடியவர்களில் பலர், டெட்ராய்ட் ஆட்டத்துக்கு ஏன் ஊதவில்லை என்று இப்போது வசைபாடுகிறார்கள். ரசிகர்களாகிய நம் பங்கும் கொஞ்சம் இருக்கிறது.

11 மே 2025

கத்திரி வெயிலில் இணையத்தில் சண்டை போடுவதைவிடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது மேல் என்று கோடை முகாமுக்கு உதவிக்குப் போய்வந்தேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் என்பிஏ நட்சத்திரம் லூக்கா டான்சிச்சைப் பார்த்துக் கற்ற ஸ்டெப்-பேக்கைப் போட்டான். ஊதினேன். பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "சார், அமெரிக்காவுல விடறாங்களே சார்?" என்றான்.

சிமென்ட் தரையில் அவனுடைய ஷூவைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டேன். டிரிபிளின் கடைசித் துள்ளலில் வலது கை பந்துக்கு அடியில் போகிறது. அப்போது இடது கால் தரையில். அதற்குப் பூஜ்யம் என்று எழுதினேன். பிறகு வலது, ஒன்று. பிறகு இடது, இரண்டு. எறிய வேண்டிய இடம் அதுதான். அவன் அதற்குமேல் வலது காலையும் கொண்டுவந்து சேர்த்து, தோளைச் சரிசெய்துகொண்டு எறிகிறான். அந்தக் கடைசிக் கால்தான் குற்றம். மறுபடி போட்டுக் காட்டச் சொன்னேன். சாக்பீஸ் கோட்டைப் பார்த்துக்கொண்டே போட்டதில் பந்து வளையத்தைத் தொடவேயில்லை, கால் சரியாக இருந்தது.

அன்று ஒரு விஷயம் எனக்குத் தோன்றியது. மெதுவாக ஆடும் பையனிடம்கூட, பந்து கையில் நின்ற கணமும் கால் தரையைத் தொட்ட கணமும் எது முன் எது பின் என்று ஒரே நேரத்தில் இரண்டு இடங்களைப் பார்த்துச் சொல்வது கடினமாக இருக்கிறது. கையைப் பார்த்தால் கால் தப்புகிறது, காலைப் பார்த்தால் கை தப்புகிறது. அந்த வேகத்தில் இதைச் செய்யும் மனிதரிடம் டிராவலுக்காக நான் சண்டைக்குப் போவதில்லை.

12 மே 2025

தரையில் மணல் கிடக்கும் நம் கோர்ட்டுகளில் விழுந்து சறுக்குவது டிராவலா என்று தேவனாம்பட்டினத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஃபிபா விதிப்படி பந்தோடு விழுந்து சறுக்கலாம். பிறகு உருண்டாலோ, பந்தை வைத்துக்கொண்டே எழ முயன்றாலோதான் குற்றம். என்பிஏவில் சறுக்கி ஆதாயம் பெறக் கூடாது. ஆகவே இங்கே ஆட்டம் தொடரும்.

18 மே 2025

ஃபவுலை ஏன் எடைபோட வேண்டும் என்றேன் என்று விளக்காமல் விட்டுவிட்டேன். உடல் பட்டால் ஃபவுல் என்று விதிநூலில் எங்கும் இல்லை. அந்த உரசல் எதிராளியின் தாளத்தையோ வேகத்தையோ சமநிலையையோ சுறுசுறுப்பையோ கெடுத்ததா என்று பார்க்கும்படிதான் என்பிஏ நடுவர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். நான்குமே அளவுகோல் இல்லாதவை. 100 கிலோவுக்குமேல் எடையுள்ள என்பிஏ நட்சத்திரம் ஜியானிஸைத் தள்ளினால் அசைய மாட்டார்; அதே தள்ளலில் ஒல்லியான கார்டு (வெளிவட்டத்தில் ஆடுபவர்) சுழன்று விழுவார். ஒரே கை, ஒரே விசை, இரண்டு முடிவுகள். நின்று தாங்குகிறவருக்கு விசில் கிடைக்காது என்ற மனக்குறை பலசாலிகளுக்கு எப்போதும் உண்டு.

இதன்மேல் லீக் அவ்வப்போது அழுத்தத்தை மாற்றுகிறது. 2004-05 பருவத்தில் வெளிவட்டத்தில் கையை வைத்துத் தடுப்பதை இறுக்கினார்கள், கார்டுகளின் காலம் தொடங்கியது. 2017-இல் ஸாஸா பச்சூலியாவின் கால்மேல் இறங்கி கவாய் லெனர்ட் காயமடைந்தபின், எறிபவர் இறங்கும் இடத்தைக் காக்க விதியை இறுக்கினார்கள். 2021-22 பருவத்தில், எறியும்போது வேண்டுமென்றே உடலைச் சாய்த்து டிஃபெண்டர்மேல் விழுந்து ஃபவுல் கேட்பதற்கு இனி விசில் கிடையாது என்றார்கள். ஹார்டன் போன்றவர்கள் முதல் சில வாரங்கள் விழித்தார்கள். 2023-24 முதல், ஃபவுல் பட்டதுபோல் நடிப்பதற்கு ஆட்டத்தின்போதே டெக்னிகல் ஃபவுல், எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியே நியாயமானது. ஆனால் அக்டோபரில் கறாராகத் தொடங்கும் அழுத்தம் பிப்ரவரியில் தளர்ந்து, பிளேஆஃபில் வேறொன்றாகிறது. 2023-24 பருவத்தில் பிப்ரவரியின் ஆல்-ஸ்டார் இடைவேளைக்குப் பிறகு ஃப்ரீ த்ரோக்களும் புள்ளிகளும் கண்கூடாகக் குறைந்தன. நடுப்பருவத்தில் விதியை மாற்றுவதாக அறிவிப்பு எதுவும் கிடையாது. ரசிகரை எரிச்சலூட்டுவது கறாரோ தளர்வோ அல்ல, எந்த மாதத்து விதியில் இன்று ஆடுகிறார்கள் என்று தெரியாமல் இருப்பதுதான்.

26 மே 2025

மினசோட்டாவில் எதிரணியான ஓக்லஹோமாவின் ஷாய் கில்ஜியஸ்-அலெக்ஸாண்டர் ஃப்ரீ த்ரோ கோட்டில் நிற்கும்போதெல்லாம் கூட்டம் அவரை ஃப்ரீ த்ரோ வியாபாரி என்று கோரஸாகக் கத்துகிறது. கேட்க ரசமாகத்தான் இருக்கிறது. இந்தப் பருவத்தில் ஆட்டத்துக்கு அவர் எறிந்தது சராசரியாக 8.8, ஜியானிஸ் 10.6. ஹார்டன் 2018-19-இல் 11. எண்ணிக்கையைப் பார்த்தால் அவர் பெரிய வியாபாரி இல்லை. கோபம் எண்ணிக்கையால் வருவதில்லை, விசில் பெறும் விதத்தால் வருகிறது: திடீரென்று நின்று, பின்னால் வரும் டிஃபெண்டர் தன்மேல் மோதும்படி செய்கிறார். அது திறமைதான், விதிக்கும் உட்பட்டதுதான், எனக்குப் பிடிக்கவில்லை என்பதும் உண்மை.

1 ஜூன் 2025

என் பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், புதுச்சேரிப் பேச்சில் சொல்தா. விக்டர் வெம்பன்யாமா 2023-இல் முதல் தேர்வாக சான் அன்டோனியோ ஸ்பர்ஸுக்குப் போனதிலிருந்து அவரும் என்பிஏ பார்க்கிறார். நேற்று அவர் வீட்டில் இந்த வாதம் எழுந்தது. ஃபிபா நடுவர்கள்தான் கறாரானவர்கள் என்று அங்கிருந்த ஒருவர் தொடங்க, நான் 2024 ஜூலை 30-ஐ நினைவூட்டினேன்: ஒலிம்பிக்கில் பிரான்ஸ், ஜப்பான் ஆட்டம். ஜப்பான் நான்கு புள்ளி முன்னிலை, சுமார் 10 நொடி மீதம். மத்யூ ஸ்திராசெல் மூன்று புள்ளி எறிந்தபோது யூகி கவாமுரா ஃபவுல் செய்தார் என்று விசில் ஒலித்தது. கவாமுராவின் கை அவர்மேல் பட்டதாக எந்தக் கோணத்திலும் எனக்குத் தெரியவில்லை. பந்தும் விழுந்தது, ஃப்ரீ த்ரோவும் விழுந்தது, 84-84, கூடுதல் நேரத்தில் பிரான்ஸ் 94-90. ரூயி ஹாச்சிமுரா அதற்கு முன்பே வெளியேற்றப்பட்டிருந்தார்.

"பெரியப்பா, நீங்களே சொல்லுங்க, அது ஃபவுலா?" என்றேன். "ஃபவுல் இல்லடா. ஆனா ஊதிட்டானே. ஊதினப்புறம் எங்க ஆளு ஃப்ரீ த்ரோவ விட்டுட்டுப் போகணுமா?" என்றார். தினமும் மாலையில் பெதாங் (இரும்புக் குண்டு எறியும் பிரெஞ்சு விளையாட்டு) ஆடுபவர் அவர். எந்தக் குண்டு கிட்டத்தில் என்று சந்தேகம் வந்தால் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அளக்க முடியாத ஆட்டத்தில் பிரான்ஸுக்குச் சாதகமாக வந்தது என்றால் மட்டும் தத்துவம் மாறிவிடுகிறது.

8 ஜூன் 2025

முன்கூட்டியே பேசிவைத்த ஆட்டம் என்ற சந்தேகத்துக்கு நான் இதுவரை பதில் சொல்லவில்லை என்று கேள்வி கேட்டவரே நினைவூட்டுகிறார். அந்தச் சந்தேகத்துக்கு ஒரு முகவரி உண்டு. 13 பருவம் என்பிஏ நடுவராக இருந்த டிம் டோனகி சூதாட்ட வழக்கில் 2007-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2008-இல் 15 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். 2002 பிளேஆஃபில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் நான்காவது கால்பகுதியில் மட்டும் 27 ஃப்ரீ த்ரோ எறிந்து சாக்ரமென்டோவை 106-102 என வென்ற ஆறாவது ஆட்டத்தைப் பற்றியும் அவர் குற்றம் சாட்டினார், லீக் மறுத்தது. அந்த 27-ஐப் பார்க்கும்போது எனக்கும் வயிறு எரிகிறது.

ஆனாலும் சதி என்பதை நான் ஏற்பதில்லை. மேலே நான் அடுக்கிய பிழைகள் ஒரு திசையில் போகவில்லை. லேக்கர்ஸ் ஒருநாள் பெறுகிறது, ஒருநாள் இழக்கிறது. சதிகாரர்கள் இவ்வளவு குழப்பமாகவா வேலை செய்வார்கள்?

15 ஜூன் 2025

திருத்த வழி என்ன என்று பலர் கேட்டதால், இருக்கும் வழிகளைப் பார்க்கலாம். நியூஜெர்சியின் செகாக்கஸில் 2014 முதல் ரீப்ளே மையம் இயங்குகிறது. 2015 மார்ச் முதல், நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிட அறிக்கையை லீக் மறுநாள் வெளியிடுகிறது. அதில் தவறென்று குறிக்கப்படுபவற்றில் பெரும்பாலானவை ஊதாமல் விட்டவை; தவறாக ஊதியவை குறைவு. முடிவை மட்டும் அது மாற்றாது. 2016 கிறிஸ்துமஸ் ஆட்டத்தில் தனக்கு ஃபவுல் விடுபட்டது என்று அறிக்கை சொன்னபோது கெவின் டுராண்ட்டே சீறினார். மறுநாள் நடுவர்களைக் காட்டிக்கொடுப்பதால் யாருக்கு லாபம் என்பது அவர் கேள்வி.

பயிற்சியாளரின் சேலஞ்ச், அதாவது நடுவர் முடிவை ரீப்ளேயில் பார்க்கக் கோரும் உரிமை, 2019-20 பருவத்தில் வந்தது. முதலாவது வென்றால் இரண்டாவது தருவது 2023-24 முதல். இங்கேதான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. ஊதிய ஃபவுலை எதிர்த்து சேலஞ்ச் செய்யலாம். ஊதாத ஃபவுலை எதிர்த்து முடியாது. 2024-25-இல் ஒரு சிறு விலக்கு சேர்ந்தது: பந்து வெளியே போன முடிவை எதிர்த்தால், அதை ஒட்டி நடந்த ஊதாத ஃபவுலையும் பார்க்கலாம். ஹார்டவே விஷயத்தில் அதற்கும் இடமில்லை. டைம்அவுட் கையில் இருக்கும்வரை, தவறான விசிலுக்கு மருந்து உண்டு. தவறான மௌனத்துக்கு இல்லை. அப்படியிருக்க, கடைசி நொடியில் ஐயம் வந்தால் ஊதிவிட்டு ரீப்ளேயில் பார்ப்பதல்லவா அறிவு? நடைமுறையோ நேர்தலைகீழாக இருக்கிறது.

என்னிடம் அதிகாரம் இருந்தால் கடைசி அரை நிமிடத்தில் எறியும்போது நடக்கும் மோதலுக்கு, ஊதினாலும் ஊதாவிட்டாலும், அணிக்கு ஒரு முறை சேலஞ்ச் தருவேன். நேரம் இழுக்கும் என்பார்கள். கடைசி அரை நிமிடம் இப்போதே டைம்அவுட்டும் விளம்பரமுமாகக் கால்மணி நேரம் ஓடுகிறது; அதில் இன்னொரு நிமிடம் கூடினால் என் பேருந்து அரியாங்குப்பம் பாலம்வரை போய்ச் சேராது, அவ்வளவுதான்.

24 ஜூன் 2025

இறுதித் தொடர் நேற்று முடிந்தது. ஓக்லஹோமா 103-91 என இந்தியானாவை வென்றது. ஏழாவது ஆட்டத்தில் நடுவர்களைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. இந்தியானாவின் ஹாலிபர்ட்டன் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தபின் யாருக்கும் விசில் நினைவே இல்லை.

நிலுவையில் ஒரு கேள்வி இருக்கிறது. எறிந்த பந்து வளையத்தையும் பலகையையும் தொடாமல் விழும்போது எறிந்தவரே அதைப் பிடிக்கலாமா என்று நெல்லித்தோப்பு வாசகர் கேட்கிறார். என்பிஏவில் பிடிக்கக் கூடாது, வேறொருவர் முதலில் தொட வேண்டும். ஃபிபாவில், அது உண்மையாகவே கூடைக்கு எறிந்த பந்து என்று நடுவர் கருதினால் பிடிக்கலாம், ஆட்டம் தொடரும். கருதினால் என்றதும் உங்களுக்குச் சிரிப்பு வரும் என்று தெரியும். அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு எழுதிய விதிநூல் எந்த லீகிலும் இல்லை.